நூற்றுப் பதினேழு வளைவுகள்

அத்தியாயம் பதினொன்று

கணக்கு மறுபடியும் ஐந்து இருபதில் வந்து நின்றது.

சின்னவள் பென்சில் கோடுகளை அழித்துவிட்டு முதலிலிருந்து கூட்டினாள். ஐந்து இருபது. கடைசியிலிருந்து கழித்துக்கொண்டே வந்தாள். அப்போதும் அதே ஐந்து இருபது. கதவைச் சாத்தினால் ஜன்னல் வழியாக வந்து உட்காரும் பூனை மாதிரி.

இத்தனைக்கும் நேர அட்டவணை போடுவதுதான் அவள் தொழில். நகரத்தில் ஓடும் முன்னூற்றுப் பன்னிரண்டு பேருந்துகள் எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பவள் அவள். அவளால் ஒரே ஒரு வாடகைக் காரை, ஒரே ஒரு சனிக்கிழமை, ஒரே ஒரு சாலையில் நேரத்துக்குக் கொண்டு சேர்க்க முடியவில்லை.

அட்டவணை போடுவது பெரிய வித்தை இல்லை. மூன்று நேரங்களைக் கூட்ட வேண்டும். சக்கரம் சுற்றும் நேரம், ஓட்ட நேரம். ஆள் ஏறி இறங்கும் நேரம், நிற்கும் நேரம். மூன்றாவதற்கு அவள் அலுவலகத்தில் சாக்கு நேரம் என்று பெயர். மழை, பஞ்சர், குறுக்கே வந்த மாடு என்று ஓட்டுநர் எதைச் சாக்குச் சொன்னாலும் தாங்கும்படி கொஞ்சம் நிமிடங்களை ஒளித்து வைப்பார்கள். மூன்றையும் கூட்டினால் சேரும் நேரம். அவ்வளவுதான்.

சனிக்கிழமை விமானம் இறங்குவது பத்து பத்துக்கு. பெட்டிகள் வர வேண்டும். வாடகைக் கார் கவுன்ட்டரில் கையெழுத்துப் போட வேண்டும். காரைச் சுற்றி வந்து, ஏற்கெனவே இருக்கும் கீறல்களையெல்லாம் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் திருப்பிக் கொடுக்கும்போது அவை நம் தலையில் விழும். இதற்கெல்லாம் ஐம்பது நிமிடம். பதினொரு மணிக்குச் சாலை. கடலை ஒட்டியே நூற்று நாற்பத்தெட்டு கிலோமீட்டர். ஓட்ட நேரம் மூன்று மணி இருபது நிமிடம். எங்கும் நிற்காமல் போனால் இரண்டு இருபதுக்கு ஊர் சேரலாம்.

பிறகு, அம்மா.

காரில் ஏறிய இருபதாவது நிமிடம் அம்மாவுக்கு வயிற்றைப் புரட்டும். இறங்கி, குனிந்து, முகம் கழுவி, சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, சுற்றுகிற உலகம் நிற்கிற வரை காத்திருக்க இன்னொரு இருபது நிமிடம். இருநூறு நிமிட ஓட்டத்தில் ஒன்பது நிறுத்தம். மூன்று மணி நேரம் அதிலேயே போகிறது. ஐந்து இருபது.

படகு மூன்றே முக்காலுக்குத் தண்ணீரில் இறங்கிவிடும்.

அது பெரியவளின் படகு. ஆறு வருடங்களுக்கு முன் ஒரு படகு மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொண்டு, அந்தச் சாலை முடிகிற ஊருக்குப் போனவள். எஞ்சின் வேலையை அவனிடமே கற்று, அவனையே மிஞ்சி, இப்போது சொந்தப் பட்டறை வைத்திருக்கிறாள். கைவிடப்பட்ட ஒரு மீன்பிடிப் படகை வாங்கிப் பலகை பலகையாகப் புதுப்பித்து, எஞ்சின் ஏற்றியிருக்கிறாள். பட்டறையின் முதல் படகு. சனிக்கிழமை அதைக் கடலில் விடுகிறாள்.

நேரத்தை அவள் குறிக்கவில்லை, கடல் குறித்தது. பட்டறையிலிருந்து கடலுக்கு ஒரு சரிவுத் தளம் இறங்குகிறது. சாதாரண நாட்களில் அதன் கடைசிக் கல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவே பத்தடிச் சேறு. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில்தான் கடல் அந்தக் கல்லைத் தாண்டி ஏறும். இந்த முறை அது சனிக்கிழமை மூன்றே முக்காலுக்கு. கால் மணி நேரம் நிற்கும், இறங்கிவிடும். மறுபடி அந்த உயரத்துக்கு வர இரண்டு வாரம் ஆகும். படகை வாங்குகிறவரோ மறுநாளே எடுத்துப் போகிறார்.

எஞ்சின் வர ஒரு மாதம் ஆகும் என்று இருந்தது, திடீரென்று வந்துவிட்டது. அதனால் பெரியவள் நேற்றுதான் போன் செய்தாள். வாரத்துக்கு இரண்டே விமானம், புதனும் சனியும். புதன் விமானம் அவள் பேசி முடிப்பதற்குள் கிளம்பிவிட்டது.

போனில் பெரியவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"ஆகாசத்துல ஆடற கூண்டுக்குள்ள முப்பது வருஷம் உக்காந்து வேலை பாத்தவங்களுக்கு, கார்ல ஏறினா தலை சுத்துதாம். நான் நம்பணும்" என்றாள். "கல்யாணத்துக்குச் சரின்னு சொல்லவே அம்மாவுக்கு ஒரு மாசம் ஆச்சு. என் வீட்டைப் பாக்க ஆறு வருஷம் பத்தலை. இந்தத் தடவையும் வரலைன்னா இனிமே கூப்பிட மாட்டேன். வந்தா ஒரு விஷயம் சொல்லணும். போன்ல சொல்ல மாட்டேன்."

அம்மா நான்கு வருடம் முன்னால் ஒரு முறை கிளம்பியிருக்கிறாள். பத்தொன்பதாவது வளைவில் திரும்பி வந்தார்கள். மாத்திரை போட்டுப் பார்த்தாயிற்று. அது வாந்தியையும் நிறுத்தவில்லை, இரண்டு நாள் தூக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தது.

பெரியவளின் குத்தலில் ஒரு நியாயமான கேள்வி இருந்தது. சின்னவளுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. அம்மா துறைமுகத்தில் கிரேன் ஆப்பரேட்டர். நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடித் தரை போட்ட கேபினில் உட்கார்ந்து, கப்பலிலிருந்து கன்டெய்னர்களை எடுத்துக் கரையில் வைப்பவள். காற்றில் கேபின் ஊஞ்சலாக ஆடும். அங்கே ஒரு நாள்கூட அவள் வயிறு முணுமுணுத்ததில்லை. துறைமுகத்தில் அவளுக்குக் கொக்கம்மா என்று பேர். அந்தக் கொக்கம்மாவைத் தரையில் நாலு சக்கரத்தில் வைத்தால் ஏன் கவிழ்ந்து போகிறாள்?

"என்ன டைம்டேபிள், வந்துச்சா?" என்று கேட்டபடி அப்பா வந்தார். கழுத்தில் அளவு நாடா. அப்பா தையற்காரர். குளிக்கும்போது மட்டும் அந்த நாடாவைக் கழற்றுவார்.

மேஜை முழுக்க விரிந்திருந்தது அவருடைய துணி வெட்டும் பழுப்புக் காகிதம். சின்னவள் அதில் கடலோரச் சாலை முழுவதையும் பெரிதாக வரைந்து, வளைவுகளுக்குச் சிவப்பில் நம்பர் போட்டிருந்தாள். மொத்தம் நூற்றுப் பதினேழு. நேற்று அப்பா அதன் மேல் ஒரு நூலை வளைவு வளைவாகப் படியவைத்து, பிறகு நூலை நீட்டி அளந்தார். சட்டையின் கைக்குழியை அளக்கிற முறை அதுதான். வளைந்ததை நேர்க்கோலால் அளக்க முடியாது. நூல் நூற்று நாற்பத்தேழரை என்றது. போனில் இருக்கும் வரைபடம் அரை கிலோமீட்டர் ஏமாற்றுகிறது என்று அப்பா நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வரலைப்பா. ஐஞ்சு இருபதுதான்."

"நான் இன்னும் மெதுவா ஓட்டறேன்."

"மெதுவாப் போனா ஆறரை ஆகும்."

அப்பா யோசித்தார். வேகமாக ஓட்டலாமா என்று கேட்க வாயெடுத்து, அம்மா அறையிலிருந்து வருவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். அம்மா சீருடையில் இருந்தாள். இன்று அவளுக்குக் கடைசி வேலை நாள். ஒரு கையில் எலுமிச்சம்பழம், இன்னொரு கையில் மடித்த பிளாஸ்டிக் பை. காரில் போகும்போது அவளுடைய ஆயுதங்கள்.

"நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

"நாம மூணே பேருதான் இருக்கோம்" என்றார் அப்பா. "நீ வரலைன்னா ரெண்டு."

அம்மா சிரிக்கவில்லை. பெரியவள் சொன்னது அவளுக்கும் கேட்டிருந்தது.

* * *

அப்பாதான் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் விட்டார். சின்னவள் முன்னால், அம்மா பின்னால். வழக்கம்போல அம்மா கண்ணை மூடி எலுமிச்சையை முகர்ந்துகொண்டு வந்தாள். அப்பாவின் வலது கால் மிதித்தது, விட்டது. மிதித்தது, விட்டது. கார் முன்னால் தலையாட்டி, பின்னால் தலையாட்டிப் போயிற்று. பதினெட்டாவது நிமிடம் துறைமுக கேட் வந்ததால் அம்மா தப்பித்தாள்.

கடைசி நாளில் ஒரு சடங்கு மாதிரி ஒரு வேலை உண்டு. கிரேனை எடுத்துக்கொள்ளப் போகிற புது ஆப்பரேட்டரோடு, பழைய ஆப்பரேட்டர் ஒரு மணி நேரம் கேபினில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போய் வர வேண்டும். கிரேனுக்குக் கிரேன் குணம் மாறும். எங்கே இழுக்கும், எங்கே தயங்கும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். புது ஆப்பரேட்டர் பக்கத்துத் தளத்தில் பன்னிரண்டு வருடம் ஓட்டியவர். அம்மாவைவிட அவருக்குத்தான் பயம் அதிகம். கொக்கம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுவது லேசா?

சின்னவளுக்கு மேலே போக அனுமதி இல்லை. மஞ்சள் மேலங்கியும் தலைக்கவசமும் போட்டுக் கீழே சிக்னல்காரரோடு நின்றாள். அவர் கையில் வாக்கி-டாக்கி. மேலே இருப்பவருக்குக் கன்டெய்னரின் கால் தரையைத் தொடுவது தெரியாது என்பதால் அவர் இங்கிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார். "வலது ஒரு அடி... இன்னும்... நில்லு. இறக்கு."

மூன்று கன்டெய்னர் இறங்கியது. நான்காவது பாதியில் நின்றது.

"அக்காவுக்கு என்னமோ பண்ணுது" என்றது வாக்கி-டாக்கி. "கேபினை எடுத்துட்டு வர்றேன்."

சிக்னல்காரர் அதைக் கையில் தட்டிப் பார்த்தார். மிஷின் தப்பாகச் சொல்கிறது என்று நினைத்தார் போல. "யாருக்கு? கொக்கம்மாவுக்கா?"

லிஃப்ட் இறங்கி அம்மா வெளியே வந்தபோது அவள் முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. ஓரமாகப் போய்க் குனிந்தாள். சின்னவள் தண்ணீர் கொடுத்தாள். அம்மா இரும்புக் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து, வெகுநேரம் மேலே இருந்த கேபினையே பார்த்தாள்.

"இதுலயும் வந்துடுச்சு" என்றாள். "இது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. அக்காகிட்ட சொல்லிடு, நான் வரலை. அவ என்ன வேணா நினைச்சுக்கட்டும்."

சின்னவள் அலுவலகத்தில் செய்வதைச் செய்தாள். வருடக்கணக்காகச் சரியான நேரத்துக்கு வரும் பேருந்து ஒரு நாள் தாமதமானால், ஓட்டுநரைத் திட்டக் கூடாது. நேற்றுக்கும் இன்றைக்கும் எது மாறியது என்று கேட்க வேண்டும். மாறாததையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தால், கடைசியில் அடிபடாமல் நிற்பதுதான் காரணம்.

அதே கிரேன். அடி. அதே உயரம். அடி. காற்று நேற்றைவிடக் குறைவு. அடி. காலையில் சாப்பிட்டதும் தினமும் சாப்பிடுவதுதான். அடி.

"நீ எந்தப் பக்கம் உக்காந்திருந்தம்மா?"

"பக்கத்து சீட்லதான். அவர்தானே ஓட்டினாரு."

"அந்த சீட்ல இதுக்கு முன்னாடி உக்காந்திருக்கியா?"

அம்மா யோசித்தாள். முதன்முதலில் கிரேன் பழகிய வாரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த வாரம் முழுக்க வாந்தி. பயத்தால் என்று எல்லோரும் சொன்னார்கள். கைப்பிடியைக் கையில் கொடுத்த அன்று நின்றுவிட்டது. பயம் தெளிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

"இப்ப மறுபடி மேல போறியா? நீ ஓட்டு. அவர் பக்கத்துல உக்காரட்டும்."

"இந்த நிலைமையிலயா?"

"இந்த நிலைமையிலதான்."

மேற்பார்வையாளரிடம் கேட்டார்கள். மாலை ஐந்து மணி வரை கிரேன் கொக்கம்மாவின் பேரில்தான் இருக்கிறது, யாரைக் கேட்க வேண்டும் என்றார் அவர். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, லிஃப்டில் ஏறினாள்.

சின்னவள் எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது கன்டெய்னர் கீழே வரும்போது சிக்னல்காரர் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. முட்டையைக் கூடையில் வைப்பது மாதிரி இருபது டன் பெட்டி தரையில் உட்கார்ந்தது. அரை மணியில் பதினோரு பெட்டி. அவ்வளவு நேரமும் கேபின் காற்றில் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

அம்மா இறங்கி வந்தாள். கன்னத்தில் நிறம் திரும்பியிருந்தது.

"பசிக்குது" என்றாள்.

* * *

இதில் மந்திரம் எதுவும் இல்லை. நம் காதுக்குள்ளே, ஆழத்தில், வளைந்த மூன்று சின்னக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் கொஞ்சம் திரவம். உடம்பு எந்தப் பக்கம் திரும்பினாலும் திரவம் ஆடி, மூளைக்குத் தகவல் சொல்லும். கண்ணும் தன் பங்குக்குச் சொல்லும். மூளை இரண்டையும் ஒத்துப் பார்க்கும். ஓட்டுகிறவருக்கு மூன்றாவதாக ஒரு செய்தி உண்டு: கையைத் திருப்பப் போகிறேன், கால் அழுத்தப் போகிறேன் என்கிற முன்னறிவிப்பு. அவர் உடம்பு அசைவு வருவதற்கு முன்பே அதற்குத் தயாராகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் செய்தி போவதில்லை. ஒவ்வொரு அசைவும் அவருக்கு எதிர்பாராத தள்ளல். ஆளுக்கு ஆள் தாங்கும் அளவு வேறு; அம்மாவுக்கு இருபது நிமிடம்.

நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டால் சிரிப்பு வராது, பாருங்கள். விரல் எங்கே போகப் போகிறது என்று மூளைக்கு முன்பே தெரியும். அதே கதைதான்.

பேருந்து ஓட்டுநர்களில் சிலர் விடுமுறையில் பேருந்தில் போனால் தலை சுற்றுகிறது என்பார்களாம். ஓய்வறையில் அதைக் கேட்டுச் சின்னவள் பல தடவை சிரித்திருக்கிறாள். இப்போது தன் தலையில் ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

"அம்மா, உனக்குக் கார் ஓட்டத் தெரியுமா?"

தெரியாமல் என்ன? கேட்டிலிருந்து கிரேன் வரை நாலு நிமிட நேர்ச்சாலை. அதில் துறைமுகத்தின் பிக்கப் வண்டியைத் தினமும் அவள்தான் ஓட்டிப் போவாள். பையைத் திறந்து லைசென்ஸை எடுத்துக் காட்டினாள். கிரேன் ஆப்பரேட்டருக்குக் கார் லைசென்ஸும் வேண்டும் என்று துறைமுகத்தில் விதி. முப்பத்திரண்டு வருடமாகப் புதுப்பித்து வருகிறாள்.

"இதை ஏம்மா யார்கிட்டயும் சொல்லலை?"

"யாரும் கேக்கலையே" என்றாள் அம்மா.

* * *

அப்பாவின் கடையில் சொல்லும்போதுதான் சிக்கல் வந்தது.

அவர் ஒரு கோட்டுக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தார். மோட்டார் மிஷின். பெடலை மிதித்தால் ஊசி பறக்கும். மூலை வந்தால் சட்டென்று விட வேண்டும். மிதி, விடு. மிதி, விடு. சின்னவள் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தக் காலை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றி, எங்கே என்று புரிந்தபோது, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினாள்.

அம்மா தயங்கவில்லை. கேபினில் நடந்ததை முழுக்கச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை தானே ஓட்டுவதாகச் சொன்னாள்.

மிஷின் நின்றது.

"முப்பது வருஷம் ஓட்டியிருக்கேன். ஒரு கீறல் உண்டா?" என்றார் அப்பா.

"கீறல் இல்ல."

"அப்ப என்னாலதான் உனக்கு வாந்தி வருது. அப்படித்தானே?"

அப்பா காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றும் இல்லை. பிறகு, காலரிடமே சொல்வது போலச் சொன்னார். "நாள் முழுக்க மேல உக்காந்து கைப்பிடியைத் தள்ளிட்டு வர்றா. வீட்டுக்கு வந்தும் அவளே ஸ்டியரிங் பிடிக்கணுமான்னுதான் நான் ஓட்டினேன். எனக்கு ஓட்டறதுல ஒண்ணும் ஆசை இல்ல."

முப்பது வருடத்தில் அவர் இதைச் சொன்னதில்லை. அம்மாவும் கேட்டதில்லை. அவளை உட்கார வைத்துக் கூட்டிப் போக வேண்டும் என்று அவர் நினைத்தார். அவர் ஆசையாக ஓட்டுகிறார், கெடுக்க வேண்டாம் என்று அவள் நினைத்தாள். இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்ததில் போனது அம்மாவின் வயிறு.

அம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். "உங்க கால் மேல எனக்குக் கோபம் இல்ல. அது வேற மிஷின்ல பழகின கால்" என்றாள். "சாவியைக் குடுங்க."

அப்பா கழுத்திலிருந்த நாடாவைச் சரி செய்தார். சாவியைக் கொடுத்தார்.

"முதல்ல பரீட்சை வைக்கணும்" என்றார். "துணி நனைச்சுப் பாக்காம வெட்டறதில்ல."

* * *

நகரத்தில் நூற்றுப் பதினேழு வளைவு உள்ள சாலை கிடையாது. ஆனால் பெரிய மருத்துவமனைக்குப் பின்னால் ஆறு மாடிக் கார் நிறுத்தம் ஒன்று இருக்கிறது. மாடிக்கு மாடி போகும் பாதை நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றி ஏறும். ஏற ஆறு முழு வட்டம், இறங்க ஆறு. நாலு முறை ஏறி இறங்கினால் நாற்பத்தெட்டு வட்டம். கடலோரச் சாலையே கூச்சப்படும்.

அம்மா இருக்கையை முன்னால் தள்ளினாள். கண்ணாடிகளை மூன்றையும் திருத்தினாள். அப்பா பக்கத்தில். வழக்கத்தை விடாமல் எலுமிச்சையும் பையும் வந்திருந்தன. வைத்துக்கொள்ள இடமில்லாமல் அவற்றை அப்பா மடியில் வைத்துக்கொண்டார். சின்னவள் பின்னால் கடிகாரத்தோடு.

வண்டி தலையாட்டவில்லை. சின்னவள் அதைத்தான் முதலில் கவனித்தாள். தட்டு நிறையத் தண்ணீரைச் சிந்தாமல் நகர்த்துவது போல நகர்ந்தது. ஒரு மாடி. இரண்டு. அம்மா தூரத்து வளைவைப் பார்த்தே கையைத் திருப்பினாள்; கைப்பிடியைத் தள்ளி, எங்கோ கீழே பெட்டி அசையக் காத்திருக்கும் அதே பொறுமை. மூன்று. நான்கு.

"என்னம்மா பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலை. இந்த வண்டிக்கு ரெண்டாவது கியர்ல ஒரு இழுப்பு இருக்கு. உங்கப்பா சொல்லவே இல்ல."

ஐந்தாவது மாடியில் அப்பா எலுமிச்சையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"அப்பா?"

"சும்மாதான். வாசனை நல்லா இருக்கு."

உச்சி மாடியில் அம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினாள். முப்பது வருடம் கடன் வைத்திருந்த சிரிப்பு அவளுக்கு மெல்ல வந்தது. அடக்கிக்கொண்டாள். தனக்கும் தலை சுற்றும் என்று அப்பாவுக்கு இதுவரை தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வளைவில் போனதே இல்லை.

இறங்கும்போது அம்மா வாக்கி-டாக்கிக் குரலில் பேச ஆரம்பித்தாள். "இடது வருது... திருப்பறேன்... இன்னும்... விடறேன். நேர். மறுபடி இடது..." அப்பா முதலில் முறைத்தார். இரண்டாவது வட்டத்தில் அவர் தோள், அவள் சொல்வதற்கேற்ப முன்கூட்டியே சாய ஆரம்பித்தது. நான்காவது வட்டத்தில் எலுமிச்சையைக் கீழே வைத்தார்.

முன்னறிவிப்பு போய்ச் சேர்ந்தால் போதும். கையில்தான் வர வேண்டும் என்று இல்லை, காது வழியாகவும் வரலாம்.

"ஆனா வழி முழுக்க நீ பேசிட்டே ஓட்ட முடியாது" என்றார் அப்பா, குரல் திரும்பியதும்.

சின்னவளுக்கு வீட்டு மேஜை ஞாபகம் வந்தது. பழுப்புக் காகிதம். சிவப்பு நம்பர். எந்த வளைவுகளைப் பார்த்து நேற்றிலிருந்து பயந்தாளோ, அவை ஒன்று விடாமல் வரிசையாக, இடதா வலதா என்று, அதில் இருந்தன.

"அம்மா பேச வேண்டாம்ப்பா. நீங்க பேசுங்க. கீழ நிக்கற சிக்னல்காரர் மாதிரி. வளைவு நம்பர் பாத்து முன்னாடியே சொல்லணும். சொல்றவருக்கும் தலை சுத்தாது. ஆனா காகிதத்தையே பாத்துக்கிட்டு இருந்தா சுத்தும். ஒரு பார்வை பாத்துட்டுத் தலையை நிமித்திடணும்."

அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். மிச்சம் மூன்று முறை ஏறி இறங்கினார்கள். இந்த முறை அப்பா குரல் கொடுத்தார், கொஞ்சம் அளவுக்கு மேல் சத்தமாகவே. கார் நிறுத்தத்தின் காவலாளி இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். நாற்பத்தெட்டு வட்டம் முடிந்தபோது ஐம்பத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. பிளாஸ்டிக் பை மடிப்புக் கலையாமல் இருந்தது.

* * *

விமான நிலையக் கவுன்ட்டருக்கு அங்கிருந்தே போன் செய்தார்கள். பதிவில் ஓட்டுநர் பெயரை மாற்ற வேண்டும் என்று சின்னவள் சொன்னாள். யார் பெயர் பதிவில் இருக்கிறதோ அவர்தான் ஓட்ட வேண்டும், லைசென்ஸைக் கையில் கொண்டுவர வேண்டும், போட்டோ நகல் செல்லாது என்று கவுன்ட்டர் பெண் விளக்கினாள். வண்டி கியர் வைத்ததா, தானாக மாறுவதா என்று கேட்டாள். கியர் என்றாள் அம்மா. இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் அது சூடாகிவிடும், சின்ன கியரில் போட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும் என்று கவுன்ட்டர் பெண்ணுக்கே விளக்கினாள்.

"அந்த ரோட்ல வளைவு ஜாஸ்திங்க. பழக்கம் உள்ளவங்கதானே ஓட்டறாங்க?" என்று கேட்டாள் அவள்.

அப்பா போனை வாங்கினார். "என் வீட்டுக்காரம்மா ஓட்டறாங்க" என்றார். வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை என்பது போலப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்து அம்மா தன் போனை எடுத்து, பெரியவளைக் கூப்பிட்டாள். இந்த வாரம் முழுக்க அவள் செய்யாத காரியம். மறுமுனையில் சுத்தியல் சத்தம் கேட்டது.

"சனிக்கிழமை மூணு இருபதுக்கு வர்றோம்" என்றாள் அம்மா.

"எத்தனை தடவை நிறுத்தி?"

"ஒரு தடவை. கடல் பாக்க."

"அப்பாவா? ஒரு தடவையா?" குரலில் பழைய குத்தல். "யார் ஓட்டறா?"

"நான்."

சுத்தியல் சத்தம் நின்றது. பெரியவள் யாரையோ கையமர்த்தியிருக்க வேண்டும். பிறகு அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"மெதுவா வாம்மா" என்றாள். "தொண்ணூத்தி மூணாவது வளைவுல மணல் கிடக்கும்."

"எண்ணி வெச்சிருக்கியா?"

"ஆறு வருஷமா."

நேரில் சொல்ல வேண்டிய விஷயம் என்னவென்று அம்மா கேட்கவில்லை. பெரியவளும் சொல்லவில்லை. ஆனால் போனை வைக்கும் முன், வரும்போது அப்பாவின் அளவு நாடாவை மறக்காமல் கொண்டுவரச் சொன்னாள். கழுத்தில் தொங்குவதை யார் மறப்பார்கள்? எதை அளக்க என்று மூவருக்கும் புரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியிலும் அம்மாதான் ஓட்டினாள். சின்னவள் மேஜையில் உட்கார்ந்து, தொண்ணூற்று மூன்றின் பக்கத்தில் மணல் என்று குறித்தாள். பிறகு பழைய அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள். இந்த முறை அழிப்பான் தேவைப்படவில்லை.

புறப்பாடு பதினொன்று. ஓட்ட நேரம் மூன்று மணி இருபது நிமிடம். நிறுத்தம் ஒன்று, நாற்பது நிமிடம். சாக்கு நேரம் இருபது நிமிடம். சேருவது மூன்று இருபது. ஓட்டுவது அம்மா. வளைவு சொல்வது அப்பா.